இருமுறை எழுதப்பட்ட புத்தகம்

(நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஒருவருடைய வாழ்க்கையைக் குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்காக ஒரு ராக் இசைப் பாடகியின் தன்வரலாற்றை எடுத்துக்கொண்டேன். ராக் இசைக்கும் நம்மில் பலருக்கும் அதிகத் தொடர்பு கிடையாது. கிட்டாரும் டிரம்ஸும் முழங்க, இளைஞர் கூட்டம் ஆர்ப்பரிக்கும் இசை என்ற அளவில்தான் நமக்குத் தெரியும். ஆயினும் இந்தப் புத்தகத்தைப் புரிந்துகொள்ள அந்த இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பாடம் சொல்லித் தருகிறவர்களுக்கும், நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு.

பாடகியின் பெயர் ஷெரீ கர்ரி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்தவர். 1959-இல் பிறந்தவர். புத்தகத்தின் பெயர் ‘நியான் ஏஞ்சல்’. அதில் ஒரு விசேஷம் என்னவென்றால், அவர் தம் கதையை இரண்டு முறை எழுதினார். 1989-இல் ஒரு முறை, 2010-இல் மறுபடியும் ஒரு முறை. சொன்ன கதையையே இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் ஏன் திரும்பவும் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

பதினைந்து வயதில் மேடை

ஷெரீக்கு மரீ என்று ஓர் இரட்டைச் சகோதரி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய புறநகர்ப் பகுதியில் இருவரும் வளர்ந்தார்கள். பெற்றோர் பிரிந்தார்கள். பதின்வயதில் ஷெரீயைக் கவர்ந்தது டேவிட் போவி என்ற ஆங்கிலேயப் பாடகரின் இசை. அவரைப் போலவே முடியை வெட்டிக்கொண்டு, முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, பள்ளிக் கலைநிகழ்ச்சியில் அவர் பாட்டுக்கு வாயசைத்து நடித்தார். குழுவில் சேருவதற்கு முன்பே, சகோதரிக்குப் பழக்கமான ஓர் இளைஞனால் அவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அது அவருடைய இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு அவரைச் சுற்றியிருந்தவர்கள் கண்டது முடியை விநோதமாக வெட்டிக்கொண்ட ஒரு முரட்டுப் பிள்ளையை மட்டுமே.

1975-இல் கிம் ஃபௌலி என்ற இசைத் தயாரிப்பாளர் முழுக்கப் பெண்பிள்ளைகளை வைத்தே ஒரு ராக் குழுவை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஜோன் ஜெட், சாண்டி வெஸ்ட் என்னும் இரு சிறுமிகள் அதன் தொடக்கம். பிறகு லீட்டா ஃபோர்டு சேர்ந்தார். இளைஞர்கள் கூடும் ஒரு நடன விடுதியில் ஃபௌலியும் ஜோன் ஜெட்டும் ஷெரீயைக் கண்டு, பாடிக் காட்ட வரும்படி அழைத்தார்கள். அவர் தயார் செய்துகொண்டு போன பாட்டைக் குழுவினருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அங்கேயே, அப்போதே, அவருக்கென்று ஒரு புதுப் பாட்டை எழுதிக் கொடுத்தார்கள். ‘செரி பாம்’ என்ற அந்தப் பாட்டே பின்னாளில் குழுவின் அடையாளமாயிற்று. பெயரே அவர் பெயரை வைத்துச் செய்த சிலேடை. பதினைந்து வயதுச் சிறுமி, தன்னைவிட வெகு மூத்த ஒருவர் பங்கெடுத்து எழுதிய வரிகளைப் பாடினாள். பின்பு உள்ளாடை போன்ற உடுப்பை அணிந்து மேடையில் அதைப் பாடியதுதான் அவளுக்குப் புகழைக் கொண்டுவந்தது.

குழுவின் பெயர் ‘த ரன்அவேஸ்’. வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகள் என்று பொருள். ஐந்தாவதாக ஜாக்கி ஃபாக்ஸ் என்ற மேடைப்பெயருடன் ஜாக்கி ஃபூக்ஸ் சேர்ந்தார். ஐவரும் பதின்வயதினர். 1976-இல் முதல் இசைத்தட்டு, 1977-இல் இரண்டாவது. அந்த ஆண்டில் ஜப்பானுக்குப் போனபோது, விமான நிலையத்திலேயே ரசிகர் கூட்டம் மொய்த்தது. அதே பயணத்தில் ஜாக்கி குழுவை விட்டுப் போனார். சில வாரங்களுக்குள் ஷெரீயும் விலகினார். அப்போது அவருக்கு இன்னும் பதினெட்டு நிரம்பவில்லை.

பார்த்தவர் பலர், கவனித்தவர் யார்?

இவ்விடத்தில் சற்று நிற்போம். இந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். புகைப்படம் எடுத்தவர்கள் பலர். இசைத்தட்டு நிறுவனம், விற்பனையாளர்கள், பத்திரிகைக்காரர்கள், ஊர் ஊராக அழைத்துப் போனவர்கள் என்று அவர்களைச் சுற்றிப் பெரியவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் “சாப்பிட்டாயா? தூங்கினாயா? ஏன் உன் முகம் இப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டியவர் யார் என்பதுதான் அங்கே தெளிவில்லை. அவர்களை ஆட்டிவைத்தவர் ஒத்திகையில் ஏசிப் பேசியதையும், ஒருவரோடு ஒருவரை மோதவிட்டதையும் ஷெரீ எழுதுகிறார். மாத்திரையும் கொக்கேய்னும் எளிதில் கிடைத்தன. பெரியவர்கள் ஏற்பாடு செய்த உலகத்தில், பெரியவர்கள் கண்முன்னேதான் அந்தப் பிள்ளைகள் போதைக்குப் பழகினார்கள்.

குழந்தைக் கலைஞர்களைக் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1939-லிருந்தே உண்டு. ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகர் சிறுவயதில் சம்பாதித்ததெல்லாம் அவர் வளர்ந்தபோது கரைந்துபோயிருந்தது. அந்த வழக்கின் விளைவாக வந்த சட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2000-இலிருந்து, குழந்தையின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்று அதைத் திருத்தினார்கள். நல்ல சட்டம். பணத்துக்கு அது காவல். பிள்ளையின் உடம்புக்கும் மனதுக்கும் வேறு காவல் தேவைப்படுகிறது. அதற்கு அருகில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

வாயில்லாத பெண்

குழுவை விட்டு விலகியபின் ஷெரீ சினிமாவுக்குப் போனார். 1980-இல் வெளிவந்த ‘ஃபாக்ஸஸ்’ என்ற படத்தில் ஜோடி ஃபாஸ்டருடன் நடித்தார். பாராட்டுப் பெற்றார். சகோதரி மரீயுடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் முன்னேற்றம். உள்ளே கொக்கேய்ன் அவரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காலக்கட்டத்தில் அவர் ஒரு மனிதனால் கடத்தப்பட்டு மீண்டும் கொடுமைக்கு உள்ளானார்.

1983-இல் ‘ட்விலைட் ஸோன்’ என்ற திரைப்படத்தில் அவருக்கு ஒரு சிறு வேடம். நினைத்ததெல்லாம் நடக்கும் வல்லமை கொண்ட ஒரு சிறுவன், தன் சகோதரிக்கு வாயே இல்லாமல் செய்துவிடுகிறான். அந்தச் சகோதரியாக நடித்தவர் ஷெரீ. மூக்குக்குக் கீழே வெறும் தோல். கண்கள் மட்டுமே பேசும். அது தற்செயலாகக் கிடைத்த வேடம்தான். ஆனாலும் பாடியே பெயர் வாங்கிய ஒரு பெண், மனதில் இருந்ததை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருந்த அந்த ஆண்டுகளில், வாயில்லாத பெண்ணாகத் திரையில் நின்றார் என்பதை அறியும்போது நம் மனம் கனக்கிறது.

கொக்கேய்ன் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மூளையில் மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் உணர்த்த டோபமின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் மூளை அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொக்கேய்ன் அந்த உறிஞ்சுதலைத் தடுத்துவிடுகிறது. டோபமின் தேங்குகிறது, களிப்பு பொங்குகிறது. ஆனால் அது நிமிடக் கணக்கில்தான் நிற்கும், பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட நீடிக்காது. பிறகு முன்பிருந்ததைவிட ஆழமான சோர்வு. அதைப் போக்க மறுபடியும் அதுவே வேண்டும். நாளடைவில் வேறு எதிலும் மகிழ்ச்சி இல்லாமல் போகிறது.

ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைக்கு மெதடோன் முதலிய மருந்துகள் இருக்கின்றன. கொக்கேய்ன் பழக்கத்துக்கு அப்படி அங்கீகாரம் பெற்ற மருந்து அமெரிக்காவில் இன்றுவரை ஒன்றுமில்லை. ஆலோசனை, உற்றார் துணை, அதே பாதையில் நடந்தவர்களின் தோழமை, அன்றாட ஒழுங்கு இவைதான் சிகிச்சையின் அடிப்படை. வேறுவிதமாகச் சொன்னால், பேசுவதும் கேட்பதுமே அங்கே மருந்து.

கேட்கப்படாத கேள்வி

அதே கலிபோர்னியாவில், சான் டியேகோ நகரில், வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980-களில் உடல்பருமனுக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்த நோயாளிகளே பாதியில் நின்றுபோவதைக் கண்டு அவர் குழம்பினார். ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர்கள் என்று தெரியவந்தது. பல ஆண்டுகளாக மருத்துவர்களிடம் போய்வந்தவர்கள் அவர்கள். ஒருவரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பின்னர் அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் சேர்ந்து, 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டறிந்தார்கள். 1998-இல் முதல் அறிக்கை வெளிவந்தது. அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய்க்கு நேர்ந்த வன்முறை போன்றவற்றில் நான்கு வகைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைக் காட்டிலும் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இதன் பொருள், துன்பப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் கெட்டுப்போவார்கள் என்பதாகாது. போதைக்கு அடிமையான ஒருவரைப் பார்த்து “உனக்கு என்ன கேடு?” என்று கேட்பதற்கு முன்னால், “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மீட்சியும் இரண்டு புத்தகங்களும்

1980-களின் நடுப்பகுதியில் ஷெரீ போதையை விட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த வேலை கவனிக்கத்தக்கது. போதைக்கு அடிமையான பதின்வயதினருக்கு ஒரு மருத்துவமனையில் ஆலோசகராகப் பணிசெய்தார். தாம் எந்த வயதில் தனியாக விடப்பட்டாரோ, அதே வயதுப் பிள்ளைகளின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிற்காலத்தில் இயந்திர ரம்பத்தைக் கொண்டு மரத்தில் சிற்பம் செதுக்கும் கலையைக் கற்று, அதிலும் பெயர் பெற்றார். திருமணம் நடந்தது, ஒரு மகன் பிறந்தான், மணவாழ்க்கை முறிந்தது. மீட்சி என்றால் துன்பமே இல்லாத வாழ்வு என்று நாம் எண்ணிவிடலாகாது. துன்பம் வரும்போது போதையிடம் ஓடாமல் நிற்கக் கற்றுக்கொள்வதே மீட்சி.

1989-இல் வந்த முதல் புத்தகம், நீல் ஷஸ்டர்மன் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து இளம் வாசகர்களுக்காக எழுதப்பட்டது. அதன் நோக்கம் நல்லது: போதையின் பக்கம் போகாதீர்கள் என்று பிள்ளைகளை எச்சரிப்பது. ஆனால் இளம் வாசகர்களுக்கு என்பதால், பல விஷயங்களை மென்மையாக்கியும் விட்டுவிட்டும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் புத்தகத்தில் போதை இருந்தது. போதைக்கு அடியில் கிடந்த காயம் முழுவதுமாக இல்லை. 2010-இல் டோனி ஓநீல் என்பவருடன் சேர்ந்து அவர் அதைப் புதிதாக எழுதினார். ஜோன் ஜெட் முன்னுரை எழுதினார். அதே ஆண்டில் அந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. இம்முறை காயத்தையும் சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

பதின்வயதில் நடந்ததை முழுவதுமாக அச்சில் சொல்ல ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது. ஆரம்பத்தில் நான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். முதல் முறை சொன்னது பொய்யன்று. அன்றைக்கு எவ்வளவு சொல்ல முடிந்ததோ, எவ்வளவு கேட்க ஆட்கள் இருந்தார்களோ, அவ்வளவு சொன்னார்.

நாற்பது ஆண்டு மௌனம்

கதை அதோடு முடியவில்லை. கிம் ஃபௌலி 2015 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தின ஆண்டில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, அவரைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்து பராமரித்தவர் யார் தெரியுமா? ஷெரீதான். தம்மை ஏசியவரை, தம் பிள்ளைப்பருவத்தை விற்றவரை, அவர் நோயில் கவனித்துக்கொண்டார். இதை அறிந்தபோது நான் நெடுநேரம் யோசனையில் ஆழ்ந்திருந்தேன்.

அதே 2015 ஜூலையில் ஜாக்கி ஃபூக்ஸ் வாய் திறந்தார். அதற்குள் அவர் ஹார்வர்டில் சட்டம் படித்து வழக்கறிஞராகியிருந்தார். 1975-ஆம் ஆண்டின் கடைசி இரவில், ஒரு விருந்தில், தமக்கு மாத்திரைகள் கொடுக்கப்பட்டு, அசையவும் முடியாத நிலையில் ஃபௌலியால் வன்கொடுமை செய்யப்பட்டதாகவும், அறையில் வேறு பலர் இருந்ததாகவும் அவர் சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. சொல்வதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த அறையில் யார் இருந்தார்கள், யார் எதைக் கண்டார்கள் என்பதில் குழுவினருடைய நினைவுகள் ஒத்துப்போகவில்லை. அதைத் தீர்த்துவைக்கும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் அவர் சொன்னதை நாம் கேட்கலாம்.

ஒருவர் நோயுற்றவரைப் பராமரித்தார், மற்றொருவர் நடந்ததை உலகறியச் சொன்னார். இவர்களில் யார் சரி என்று கேட்க நம்மில் சிலருக்குத் தோன்றும். மன்னிப்பைப் பெரிதாக மதிக்கும் நம்மைப் போன்றவர்கள் ஷெரீயைப் புகழ்ந்து ஜாக்கியைக் கடிந்துகொள்ளும் சோதனையும் உண்டு. அந்தச் சோதனைக்கு இடங்கொடாதிருப்போம். மன்னிப்பு, காயப்பட்டவருக்கே சொந்தமானது. ஷெரீ தமக்கு நேர்ந்ததை மன்னிக்கலாம். ஜாக்கிக்கு நேர்ந்ததை அவரால்கூட மன்னிக்க முடியாது. காயப்பட்ட ஒருவரிடம் போய், “அவரைப் பார், அவர் மன்னித்துவிட்டாரே” என்று சொல்வது அவருடைய வாயை இரண்டாந்தரம் அடைப்பதாகும். நடந்ததை உள்ளபடி சொன்ன பிறகு வருகிற மன்னிப்பே நிலைக்கும்.

சட்டமும் இந்தக் கால தாமதத்தை மெதுவாகப் புரிந்துகொண்டிருக்கிறது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர் கலிபோர்னியாவில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர முன்பு பொதுவாக 26 வயதுவரை அவகாசம் இருந்தது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், 2020 தொடக்கத்திலிருந்து அதை 40 ஆக உயர்த்தியது. அவகாசம் கடந்துபோனவர்களுக்கும் மூன்றாண்டுகள் கதவைத் திறந்து வைத்தது. 2024 முதல் நடக்கும் குற்றங்களுக்குக் கால வரம்பே இல்லை என்று பின்னர் தீர்மானித்தார்கள். காயப்பட்டவர்கள் உடனே பேசுவதில்லை, அதனால் அவர்கள் பொய்யர் ஆகிவிடுவதில்லை என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, நமக்கும் ராக் இசைக்கும் தொடர்பில்லை என்று சொன்னேன். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளும் மேடை ஏறுகிறார்கள். பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், தொலைக்காட்சிப் போட்டிகளுக்குப் போகிறார்கள். கைதட்டும்போது மூன்று காரியங்களை மனதில் வைப்போம்.

முதலாவதாக, திறமையுள்ள பிள்ளையை வெளியார் கையில் ஒப்படைத்துவிட்டு, “பெரிய இடம், பார்த்துக்கொள்வார்கள்” என்று இருந்துவிடாதிருப்போம். பிள்ளையால் சம்பாதிக்காத ஒரு பெரியவர் எப்போதும் பிள்ளையோடு இருக்கட்டும்.

இரண்டாவதாக, ஒரு பிள்ளை திடீரென்று முரண்டு பிடித்தால், ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், கண்டிப்பதற்குமுன் கேட்போம். கேட்டதும் பதில் வராது. மறுநாளும் கேட்போம். பாதி சொல்லி நிறுத்தினால், மீதியைப் பிடுங்காமல் காத்திருப்போம். முதலில் இவ்வளவு, பிறகு அவ்வளவு என்றுதான் உண்மை வரும். ஷெரீயின் இரண்டு புத்தகங்களும் நமக்குக் கற்பிப்பது அதுவே.

மூன்றாவதாக, சொல்லப்பட்ட பிறகு, “குடும்ப மானம் போய்விடும், வெளியே சொல்லாதே” என்று சொல்லாதிருப்போம். மானம் போனது குற்றம் செய்தவனுக்கு. பிள்ளையின் பக்கத்தில் நிற்பதுதான் பெரியவர்களின் வேலை.

போதைக்கு அடிமையாகி வருகிறவர்கள் நம் எதிரில் உட்காரும்போது, நம்மிடம் விலையுயர்ந்த மருந்து இருக்கவேண்டும் என்பதில்லை. அவசரப்படாத ஒரு காது வேண்டும். ஒரு பெண்ணுக்கு அது முப்பது வருடத்துக்கு மேல் கழித்தும், மற்றொரு பெண்ணுக்கு நாற்பது வருடம் கழித்தும் கிடைத்தது. நம் அருகில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.